ஸ்டிராட்போர்டுக் கால்வாய் மீண்ட வரலாறு

தோற்றுவாய்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் நம் கல்லூரித் தொண்டர் குழுவைச் சேர்ந்த மாணவர் சிலர் ஒரு சிற்றூருக்குச் சென்று, அங்கே பல்லாண்டுகளாகத் தூர்ந்து கிடந்த கிளை வாய்க்காலொன்றைப் பத்து நாள் தங்கித் தூர் வாரினோம். கையிற் கொப்புளம் எழாதவர் எம்மில் ஒருவருமிலர். பத்தாம் நாள் மாலையில் வாய்க்கால் கோடிட்டாற்போல் நேராய்க் கிடந்ததைக் கண்டு யாம் அடைந்த பெருமிதத்தை ஈண்டு எழுதுதல் மிகையாகும். இவ்வாண்டு மீண்டும் அவ்வூருக்குச் சென்றபோது, வாய்க்கால் இருந்த இடமே புலப்படவில்லை. வேலிக்கருவையும் நாணலும் மண்டியிருந்தன. யாம் அள்ளிக் கரையிலிட்ட மண் மழையிற் கரைந்து மறுபடியும் உள்ளே இறங்கியிருந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு, “தம்பிகளே, நீங்கள் பாடுபட்டது மெய்தான், ஆனால் தண்ணீர் வராத வாய்க்காலை யார் பார்த்துக்கொள்வார்?” என்றார். அவர் கூற்றுக்கு எம்மிடம் விடையில்லை.

இச்செய்தியை எம் ஆங்கிலப் பேராசிரியரிடம் ஒருநாள் கூறினேன். அவர் சிறிது நேரம் யாதும் பேசாதிருந்து, பின்னர் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊராகிய ஸ்டிராட்போர்டின் நாடக அரங்கைக் காட்டும் படமொன்றை எடுத்துக் காட்டினார். அரங்கின் அருகே படகுகள் நிறைந்த நீர்த்துறை ஒன்று காணப்பட்டது. “இந்நீர் ஒரு காலத்தில் மூடப்படவிருந்தது. இதனை மீட்டவர்கள் உன்னைப்போல் மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்களே. அவர்கள் வெற்றி பெற்றது எங்ஙனம் என்று படித்துப் பார்” என்றார். யான் படித்தறிந்தவற்றை என் உடன்மாணாக்கர்க்கு முறைப்படக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கால்வாயின் பிறப்பு

இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைத்தொழில் பெருகியபோது, நிலக்கரியை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லுதல் பெருந்தொல்லையாய் இருந்தது. சேறும் பள்ளமுமான சாலையிற் குதிரை சுமந்து செல்லும் பொதி மிகச் சிறிது. அதே குதிரை கரையில் நடந்து கயிற்றால் இழுக்கும் படகிலோ, இருபது டன்னுக்கு மேலும் ஏற்றலாம். ஆதலின் நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஈண்டு ஒன்று நினைவிற் கொள்ளல் வேண்டும். நம் நாட்டு வாய்க்கால் பெரும்பாலும் பயிருக்கு நீர் பாய்ச்ச வெட்டப்படுவது. ஆங்கிலேயர் இக்காலத்தே வெட்டிய கால்வாயோ படகு செல்வதற்கே அமைந்தது. அதில் நீர் ஓடவேண்டுவதில்லை, நின்றால் போதும்.

பர்மிங்காம் நகரின் தெற்கே உள்ள கிங்ஸ் நார்ட்டனிலிருந்து ஏவன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்டிராட்போர்டு வரை ஒரு கால்வாய் வெட்டுவதற்கு 1793-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. அதன் நீளம் ஏறக்குறைய 25½ மைல். பணமுடையால் வேலை பன்முறை நின்றது. 1802-ல் இடைவழியிலுள்ள கிங்ஸ்வுட் என்னும் ஊரை எட்டிய கால்வாய், பத்தாண்டு அங்கேயே தங்கிற்று. பின்னர் ஸ்டிராட்போர்டைச் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ் என்பாருடைய ஊக்கத்தால் 1812-ல் வேலை மீளத் தொடங்கி, 1816-ல் ஸ்டிராட்போர்டில் முடிவுற்றது. கிங்ஸ்வுட்டுக்குத் தெற்கே உள்ள 13 மைல் பகுதியே நம் கட்டுரைக்குரியது. இதனைத் தென்பகுதி என்போம்.

பணம் குறைந்தமையால் கட்டியவர்கள் சிக்கனத்திற்குப் பல வழி கண்டனர். அவர்கள் அமைத்த சிறு பாலங்கள் இரண்டு இரும்புத் துண்டுகளால் ஆயவை. இருகரையினின்றும் நீண்டுவரும் அத்துண்டுகள் நடுவிற் சேராது ஒரு சிறு பிளவை விட்டு நிற்கும். குதிரையை அவிழாமலே இழுகயிற்றை அப்பிளவின் வழியே விடலாம். ஆதலின் பாலத்தின் கீழே குதிரை செல்லும் பாதை வேண்டுவதில்லை. பாலமும் சிறிதாய் அமையும். கால்வாய்க் காவலர் வாழும் வீடுகளுக்குப் பீப்பாயைப் படுக்க வைத்தாற்போன்ற வளைந்த கூரை உண்டு. பாலம் கட்டப் பயன்பட்ட வளைவுச் சட்டங்களையே கூரைக்கும் பயன்படுத்தினர் என்பர். இவையன்றி எட்ஸ்டன் என்னுமிடத்தில் 475 அடி நீளமுள்ள இரும்புத் தொட்டிப்பாலம் ஒன்று உண்டு. பள்ளத்தாக்கின்மேல் செங்கல் தூண்களில் நிற்கும் அத்தொட்டியிற் படகு செல்லும். அதன் கீழே சாலையும் ஓடையும், பிற்காலத்தே அமைந்த இருப்புப்பாதையும் செல்லும். இங்கிலாந்திலுள்ள தொட்டிப்பாலங்களுள் இதுவே நீளமானது.

லாக்கு என்பது யாது?

மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் படகை இறக்குவது எங்ஙனம்? கால்வாயைச் சரிவாய் வெட்டினால் நீரெல்லாம் கீழே ஓடிவிடும். ஆதலின் கால்வாயைப் படிப்படியாக அமைத்து, படிக்கும் படிக்கும் இடையே ‘லாக்கு’ என்னும் அறையைக் கட்டுவர். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் வாழ்ந்தவர் இச்சொல்லை அறிவர். லாக்கு என்பது செங்கல்லால் ஆகிய நீண்ட தொட்டி. இருமுனையிலும் மரக்கதவுகள் உண்டு. மேலிருந்து வரும் படகு உள்ளே புகுந்ததும் மேற்கதவை மூடுவர். கீழ்க்கதவிலுள்ள சிறு மதகைத் திறந்தால் தொட்டியிலுள்ள நீர் மெல்ல வடியும். நீரோடு படகும் இறங்கும். இருபுறத்து நீரும் ஒரே மட்டமானவுடன் கீழ்க்கதவு எளிதில் திறக்கும். ஏறுவதற்கு இம்முறையை மாற்றிச் செய்க. இதற்கு வேண்டிய ஆற்றலெல்லாம் நீரின் எடையும் மனிதனது தோள்வலியுமே.

இங்குள்ள படகுகள் 70 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையன; லாக்குகளும் அவ்வளவினவே. இறக்கம் 7 அடியென்று கொண்டால், ஒருமுறை லாக்கைத் திறப்பதற்கு 3,430 கன அடி, அதாவது 21,000 காலனுக்கு மேற்பட்ட நீர் செலவாகும். தென்பகுதியின் 13 மைலில் இத்தகைய லாக்குகள் 36 உள்ளன. வில்ம்கோட் என்னும் சிற்றூரின் அருகே மட்டும் 11 லாக்குகள் ஒன்றையடுத்து ஒன்றாய் இறங்குகின்றன. அவ்வூர் ஷேக்ஸ்பியருடைய அன்னையார் மேரி ஆர்டன் பிறந்த ஊராகும்.

கால்வாயின் அடியிலும் பக்கத்திலும் நீர் கசியாதிருக்கக் களிமண்ணை நீர்விட்டுக் குழைத்து, மிதித்து, கெட்டிப்படப் பூசுவர். இக்களிப்பூச்சு ஈரமாயிருக்கும்வரை நீரைத் தாங்கும், உலர்ந்தால் வெடிக்கும், வெடித்தபின் நீர்விடினும் கசியும். ஓக் மரத்தாலாகிய கதவுகளும் அத்தன்மையனவே: நீரில் நிற்குங்கால் நெடுநாள் உழைக்கும், நனைந்தும் உலர்ந்தும் மாறுங்கால் விரைவில் இற்றுப்போம். அன்றியும், படகுகள் இடையறாது செல்லுங்கால் நீர் கலங்கி வண்டல் ஓரிடத்தே தங்காது, களையும் வேரூன்றாது. ஆகவே, பயன்படுத்துவதே கால்வாய்க்குப் பாதுகாப்பு; வாளா விடுவதே அதற்கு அழிவு. இவ்வுண்மையைப் படிப்போர் மனத்திற் கொள்க. மேல் வருவனவெல்லாம் இதன் விரிவேயாம்.

தேய்வு

கால்வாயை ஸ்டிராட்போர்டு வரை கொணர்ந்த வில்லியம் ஜேம்ஸ் பின்னர் இருப்புப்பாதைகளில் பேரார்வம் கொண்டார். ஸ்டிராட்போர்டுத் துறையிலிருந்து மோர்ட்டன் என்னும் ஊருக்குக் குதிரை இழுக்கும் வண்டிப்பாதை 1826-ல் திறக்கப்பட்டது; அதற்கு மூலமாய் நின்றவருள் அவரும் ஒருவர். ஒரு கையால் கால்வாயை முடித்தவர், மறு கையால் அதன் பகையை வரவேற்றார் எனலாம். 1856-ல் ஓர் இருப்புப்பாதைக் கம்பெனி இக்கால்வாயையே விலைக்கு வாங்கிற்று. 1863-ல் அது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் உடைமையாயிற்று. சரக்கைத் தன் வண்டியில் ஏற்ற விரும்பும் கம்பெனி, தன் கால்வாயைப் பேண எங்ஙனம் விழையும்? அதனை உடனே மூடவில்லை, பேணவுமில்லை. நிலக்கரிப் படகுகள் ஆண்டுதோறும் குறைந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி கழிவதற்குள் தென்பகுதியில் படகுப் போக்குவரவு அற்றது. கதவுகள் இற்றன, லாக்குகளுள் செடி முளைத்தது, துறையிற் சேறு படிந்தது. 1948-ல் இருப்புப்பாதைகள் அரசினர் உடைமையானபோது, இக்கால்வாயும் ஒரு வேண்டாத சுமையாய் அவர்பாற் சென்றது.

ஒரு பாலமும் ஒரு படகும்

இதற்கு முன்னரே வடபகுதியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. எல். டி. சி. ரோல்ட் என்னும் பொறியியல் வல்லார் ‘கிரெஸி’ என்ற படகையே இல்லமாகக் கொண்டு கால்வாய்களில் வாழ்ந்தவர். தம் பயணத்தைக் குறித்து அவர் எழுதிய ‘நாரோ போட்’ என்னும் நூல் 1944-ல் வெளிவந்தது. அதனைப் படித்த இராபர்ட் ஐக்மன் என்னும் எழுத்தாளர் அவரோடு தொடர்புகொள்ள, இருவரும் வேறு சிலரோடு கூடி 1946-ல் ‘உள்நாட்டு நீர்வழிச் சங்கம்’ என்னும் கழகத்தை நிறுவினர்.

கிங்ஸ் நார்ட்டன் அருகே லிஃபோர்டு சந்தில் கால்வாய்க்கு மேலே ஒரு தூக்குப்பாலம் இருந்தது. அது பழுதுற்றபோது ரயில்வே கம்பெனியார், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அதனிடத்தே அசையாத தாழ்ந்த பாலம் ஒன்றை அமைத்துவிட்டனர். படகு செல்ல வழியில்லை. ஆனால் அக்கால்வாயிற் செல்லும் உரிமையைச் சட்டம் மக்களிடமிருந்து நீக்கவில்லை. இதனைப் பற்றிப் பிரபுக்கள் சபையில் மெத்துவன் பிரபு வினவ, முன்கூட்டி அறிவித்தால் பாலம் உயர்த்தப்படும் என்ற விடை கிடைத்தது. உடனே ரோல்ட் தாம் வருவதாக அறிவித்தார். 1947-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் கம்பெனியின் ஆட்கள் நெம்புபொறிகளைக் கொண்டு அப்பாலத்தை மேலே தூக்க, ‘கிரெஸி’ அதன் கீழே ஊர்ந்து சென்றது. ஐக்மன் இத்தோடு நில்லாது, வேறு படகினரையும் அவ்வழியே வருமாறு தூண்டினார். ஒவ்வொரு படகும் வருந்தோறும் பாலத்தை உயர்த்தவேண்டிய தொல்லை கம்பெனிக்கு நேர்ந்தது. பின்னர் அவ்விடத்தே திறந்து மூடத்தக்க பாலம் அமைந்தது.

இந்நிகழ்ச்சியில் ஒருவரும் ஒரு கூடை மண் அள்ளவில்லை. உரிமை என்பது ஏட்டில் இருந்தால் போதாது. அதன்வழி ஒருவர் நடந்து காட்டல் வேண்டும் என்பதையே அவர்கள் மெய்ப்பித்தனர்.

ஒரு சீட்டு

நிற்க. தென்பகுதிக்கு முடிவுகாலம் 1958-ல் வந்தது. வில்ம்கோட் அருகே சாலைப்பாலம் ஒன்றைப் புதுக்கவேண்டியிருந்தது. கீழே படகு செல்லும்படி உயர்த்திக் கட்டினால் செலவு மிகும். கால்வாயே இல்லையெனில் தாழ்வாகக் கட்டலாம். ஆதலின் வார்விக்ஷயர் மாவட்ட மன்றத்தார், இக்கால்வாயைச் சட்டப்படிக் கைவிடுவதற்கு ஆணை வேண்டினர். மூவாண்டுகளாக ஒரு கால்வாய் பயன்படுத்தப்படவில்லையெனின் அத்தகைய ஆணை பிறப்பிக்கலாம் என்பது சட்டம். இங்கே அங்ஙனம் ஒருவரும் பயன்படுத்தவில்லை என்பது மன்றத்தாரின் வாதம்.

அவ்வாதம் ஒரு சிறு காகிதத்தால் உடைந்தது. ‘கேனோ’ என்னும் சிறு தோணியில் அக்கால்வாய்வழியே சென்றவர் அதற்குரிய ஆயத்தைச் செலுத்தி, தேதியிட்ட சீட்டு வாங்கி வைத்திருந்தனர். கதவிற்ற லாக்குகளிடத்தே பெரிய படகு செல்லாது. தோணியையோ தூக்கிக்கொண்டு நடந்து மறுபுறம் நீரில் விடலாம். அச்சீட்டு மூவாண்டு எல்லைக்குட்பட்டது. கால்வாய் அன்பர்கள் அதனைச் சான்றாகக் காட்டினர். பலர் எழுப்பிய எதிர்ப்பும் சேர, 1959-ல் மன்றத்தாரின் வேண்டுகோள் மறுக்கப்பட்டது.

இதனைப் படித்தபோது யான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சிந்தித்தேன். நிலக்கரி ஏற்றிய நூற்றுக்கணக்கான படகுகள் காவாத கால்வாயை, ஆளொருவர் தோளிற் சுமக்கும் தோணியன்றோ காத்தது! தோணியிற் சென்றவர் வாணிகம் செய்யவில்லை, கால்வாயைத் திருத்தவுமில்லை. சென்றார், சென்றதற்குச் சீட்டு வைத்திருந்தார், அவ்வளவே. யாம் வாரிய வாய்க்காலிலோ, யாம் வருமுன்னும் சென்றபின்னும், அதற்குரியார் எவரும் பயன் கொள்ளவில்லை.

தொண்டர் பணி

ஆணை மறுக்கப்பட்டதால் கால்வாய் பிழைத்தது; ஆனால் உயிர்பெறவில்லை. அதனை ஏற்று நடத்துவார் வேண்டும். பழம் மாளிகைகளையும் எழில்மிகு நிலங்களையும் பேணும் நாஷனல் டிரஸ்ட் என்னும் நிறுவனம், அதனைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்பாருடைய முயற்சியால், 1960-ல் தென்பகுதியைக் குத்தகைக்கு ஏற்றது. கவன்ட்ரி நகரத்துக் கட்டடக்கலைஞராகிய டேவிட் ஹட்சிங்ஸ் என்பார் பணிக்குத் தலைவரானார். கால்வாய்ப் பொறியியல் அவருக்குத் தொழிலன்று. 1961 மார்ச்சு மாதத்தில் வேலை தொடங்கிற்று.

செய்யவேண்டிய வேலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். 13 மைல் நீளத்திற்குச் சேறு வாரல் வேண்டும். 36 லாக்குகளில் இற்ற கதவுகளை நீக்கிப் புதியன பொருத்தல் வேண்டும். லாக்குகளின் செங்கற் சுவரில் வேர்விட்ட மரங்களை அகற்றி, பிளந்த இடங்களை மீளக் கட்டல் வேண்டும். கசியும் கரையில் புதுக்களி பூசல் வேண்டும். சேறு வாருதல் எத்தகையதென்பதை அனுபவித்தவனாதலின் அதனைப்பற்றிச் சில சொல்லத் துணிகிறேன். சேறு மண்ணைப்போல் வெட்டினால் வெட்டிய இடத்தே நில்லாது. குழியை நோக்கி மீண்டும் வழியும். மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு கூடையில் விழ மறுக்கும். நின்றவன் காலைப் பிடித்துக்கொள்ளும். எம் வாய்க்கால் சிறியது, வெயிலும் காய்ந்தது. அவர்களோ இங்கிலாந்தின் குளிரில், 70 அடி நீளமுள்ள அறைகளுக்குள் இறங்கி நின்று வாரினர்.

வந்தவர் யாவர்? வாரவிறுதி ஓய்வை இதற்கென ஒதுக்கிய நகரத்தார், சாரணச் சிறுவர், பயிற்சியென ஏற்று வந்த இராணுவத்தார். இவரன்றிப் பர்மிங்காமிலுள்ள வின்சன் கிரீன் சிறைச்சாலையிலிருந்து கைதிகளும் வந்து உழைத்தனர். இவரையெல்லாம் ‘தொண்டர்’ என்னும் ஒரு பெயரால் வழங்கலாமோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. படைவீரன் ஆணைப்படி வருகிறான். கைதி விரும்பிய நேரத்தில் வீடு திரும்ப இயலாதவன். ஆகவே இக்கால்வாய் முழுவதும் தன்விருப்பத்தொண்டால் மீண்டது என்பது முற்றும் பொருந்தாது. வரலாற்றை உள்ளவாறு கூறுவோர் இதனை மறைத்தல் தகாது. ஆயினும், அவர் உழைப்புக்கு இடமுண்டாக்கியவர் தொண்டர்களே. சட்டத்தோடு போராடியவரும், பணம் திரட்டியவரும், ஒவ்வொரு வாரமும் தவறாது வந்து வேலையைத் தொடர்ந்து நிறுத்தியவரும் அவர்களே. கைதியர் கைகளையும் இக்கதையில் நன்றியோடு நினைத்தல் நம் கடன்.

மூன்றாண்டும் நான்கு திங்களும் கழிந்தன. 1964-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், எலிசபெத் இராணியின் அன்னையார் ஸ்டிராட்போர்டில் அக்கால்வாயைத் திறந்துவைத்தார். ஷேக்ஸ்பியர் பிறந்த நானூறாம் ஆண்டும் அதுவே. நாடக அரங்கின் அருகேயுள்ள துறையிற் படகுகள் மீண்டும் நிறைந்தன.

பின் நிகழ்ந்தன

இவ்வெற்றி ஸ்டிராட்போர்டோடு நிற்கவில்லை. ‘இனி ஆகாது’ என்று அரசினர் தள்ளிய கால்வாயை எளியோர் கூடி மீட்கலாம் என்பதற்கு இஃதொரு கண்கூடான சான்றாயிற்று. ஸ்டிராட்போர்டிலிருந்து கீழே செல்லும் ஏவன் ஆற்றின் மேற்பகுதியும் ஹட்சிங்ஸ் தலைமையிலேயே படகு செல்லுமாறு அமைக்கப்பட்டு, 1974-ல் திறக்கப்பட்டது. ஆகவே இப்போது ஒரு படகு இக்கால்வாய்வழியே இறங்கி, ஏவனிலும் செவர்னிலும் சென்று, வூஸ்டர் வழியே புறப்பட்ட இடத்திற்கே வட்டமிட்டு மீளலாம். ஓரிடத்தில் முட்டி நிற்கும் கால்வாயினும், வட்டமாய்ச் சுற்றிவரத்தக்க கால்வாய்க்குப் படகினர் மிகுதி; படகினர் மிகுந்தால் கால்வாய் நிலைக்கும். 1970-ல் ‘நீர்வழி மீட்புக் குழு’ என்னும் தொண்டர் குழு தோன்றி, ஓரிடத்தே தங்காது நாடெங்கும் சென்று பாழ்பட்ட கால்வாய்களில் உழைக்கலாயிற்று. ஒரு வாரம் கூடித் தங்கி வேலைசெய்யும் அவர்தம் முகாம்களில் மாணவரும் முதியோரும் கலந்து பணிபுரிகின்றனர்.

ஆயினும், இக்கதையைத் திறப்புவிழாவோடு முடித்தல் பிழை. திறந்தபின்னரும் கதவுகள் இற்றுக்கொண்டே இருக்கும்; வண்டல் படிந்துகொண்டே இருக்கும். நாஷனல் டிரஸ்ட் தாங்கிவந்த இச்சுமை ஆண்டுதோறும் பெருகிற்று. 1988-ல் தென்பகுதி, அரசினர் நீர்வழிகளை நடத்திய பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்னும் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2012-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள அத்துறையின் கால்வாய்களெல்லாம் ‘கால்வாய் ஆற்று அறநிலையம்’ என்னும் அறநிறுவனத்தின்பாற் சென்றன. அதன் லாக்குகளிற் பலவற்றில் இப்போது தொண்டர்களே நின்று படகினர்க்கு உதவுகின்றனர். மீட்டெடுத்தல் ஒரு நாட்செயல். பேணுதல் என்றும் முடியாத செயல்.

‘நிலக்கரிக்கென வெட்டிய கால்வாய் இப்போது இன்பப்பயணத்திற்கன்றோ பயன்படுகிறது? இதனை மீட்சி என்னலாமோ?’ என்று வினவுவோர் உளர். என் சிற்றறிவிற் பட்டதைக் கூறுகிறேன். பழைய பயன் திரும்பி வருதல் மீட்சியன்று, அது வாராது. நிலக்கரி இனி அவ்வழி செல்லப்போவதில்லை. தன் காலத்து மக்களுக்கு ஏதேனுமொரு வகையிற் பயன்படுதலே ஒரு பொருளின் வாழ்வு. படகிற் செல்லும் குடும்பம், கரையில் நடக்கும் முதியோர், தூண்டிலிடும் சிறுவன் ஆகிய இவர்களெல்லாம், தாம் அறியாமலே, அக்கால்வாயின் காவலராவர்.

முடிவுரை

இனி எம் வாய்க்காலுக்கு வருவோம். அதனை வாரியபோது யாம் செய்த பிழை யாது? உழைப்பிற் குறைவில்லை. வாரிய மண்ணைக் கரையோரத்தே இட்டது ஒரு பிழை, அது சிறிது. தலைமதகு பழுதுற்றுத் திறவாமற் கிடந்ததை யாம் கண்டும் வினவாது விட்டதே பெரும்பிழை. அவ்வாய்க்காலின் கடைப்பகுதியில் நிலமுடைய உழவர் எவரையும் யாம் சந்திக்கவில்லை. அவர்கள் கிணற்றை நம்பி வாய்க்காலை மறந்து பல்லாண்டு ஆயின என்பதைப் பின்னரே அறிந்தோம். நம் முன்னோர் குடிமராமத்து என்னும் முறையிற் குடிகளே கூடி ஏரியையும் காலையும் பேணினர். அங்ஙனம் பேணியது, அந்நீரை அவர்களே கொண்டமையாலன்றோ? நீர் கொள்வார் இல்லாத வாய்க்காலை வாரிய எம் செயல், படகினர் இல்லாத கால்வாய்க்குக் கதவு பொருத்தியதை ஒக்கும்.

ஆதலின் எம் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். வரும் கோடையில் புதியதோர் ஊரைத் தேடற்க. அவ்வூருக்கே மீண்டும் செல்வோமாக. முதல் மூன்று நாட்கள் மண்வெட்டியைத் தொடாது, கடைப்பகுதி உழவர் வீடுதோறும் சென்று, நீர் வந்தால் கொள்வார் எத்துணைவர் எனக் கேட்டறிவோம். அவரோடு கூடி, தலைமதகைச் செப்பனிடுமாறு உரியவரிடம் முறையிடுவோம். ஒரு வயலுக்கேனும் நீர் பாயுமென்ற உறுதி பிறந்தபின் வாருவோம். மண்ணைக் கரைக்கு அப்பாற் கொண்டுபோய்க் கொட்டுவோம். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் செல்வோம். பத்து நாளில் ஒரு வாய்க்காலை மீட்டோமென்று இம்மலரில் எழுதுதல் எளிது. மூன்றாண்டு கழித்து அதில் நீர் ஓடுகிறதென்று எழுதுதல் அரிது. அரியதையே எழுத விரும்புகிறேன்.

ஆடு மேய்த்த அம்முதியவரை மீண்டும் காண நேர்ந்தால், அவர் வினாவுக்கு இப்போது எம்மிடம் விடையொன்று உண்டு. வாய்க்காலைப் பார்த்துக்கொள்வார், அதில் நீர் கொள்வாரே. அவரைத் தேடிக்கொண்டு வருதலே எம் முதல் வேலை; மண் வெட்டுதல் அதற்குப் பிற்பட்டது.